யார் பார்க்க?

வாசகர் கேள்வி – பதில்

உலக ஆசை, பொருள் பெருமை இவற்றைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். இம்மாதம் எடுத்துக்கொண்டவை எல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கடிதங்களில் பாதி காசுக் கணக்கு. அதனால் பதில்களிலும் வசனமும் கணக்கும் கலந்தே வரும். பெயர் போடவேண்டாம் என்றவர்கள் அதிகம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எதிர்வீட்டில் போர்ச்சை இழுத்துக் கூரை போட்டு, டைல்ஸ் ஒட்டி, ஆட்டோகேட் வைத்துவிட்டார்கள். எங்கள் வீடு 15 வருடத்துக்கு முன் சாவி வாங்கியபோது எப்படியோ, இன்றும் அப்படியேதான். ஜெபத்தில் உட்கார்ந்தாலும் அந்த கேட் திறக்கிற சத்தம் காதில் விழுகிறது. ஆசைப்படுவதே பாவமா? (ஒரு சகோதரி, தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிவாசி)

இல்லை, அம்மா. மழை அடித்தால் துணி நனையாத ஒரு கூரைக்கு ஆசைப்படுவது பாவமென்றால் இந்த ஊரில் ஒருவரும் தேறமாட்டோம். 'நாம் அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும்' தேவன் கொடுக்கிறார் என்கிறது 1 தீமோத்தேயு 6:17. 'அனுபவிக்கிறதற்கு' என்ற சொல்லைப் பிரசங்கத்தில் பலரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

1 யோவான் 2:16 மூன்றைச் சொல்கிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக்கூடாது. மழைக்குக் கூரை வேண்டும் என்பது தேவை, இந்த மூன்றிலும் அது சேராது. எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகுதான் வேண்டுமென்று தோன்றியது என்றால் அங்கே கண் வேலை செய்திருக்கிறது. நாமும் கூரை போட்டுவிட்டு, எதிர்வீட்டார் பார்த்தார்களா என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் அதுதான் மூன்றாவது.

அந்த மூன்றாவதை நிறுத்திப் படியுங்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் போட்டிருக்கும் சொல் 'ஜீவன்' இல்லை, 'ஜீவனம்'. அதாவது பிழைப்பு, பிழைப்புக்கான பொருள். கிரேக்கத்தில் அது 'பியோஸ்'. இதே சொல்தான் 1 யோவான் 3:17இல் 'இவ்வுலக ஆஸ்தி' என்று வருகிறது. மாற்கு 12:44இல் ஏழை விதவை 'தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்' போட்டாள் என்ற இடத்திலும் இதே சொல்தான். 'பெருமை' என்பதற்கு அங்கே இருக்கும் கிரேக்கச் சொல், இல்லாததை இருப்பதாகக் காட்டித் திரியும் பகட்டுக்காரனைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. ஆக, யோவான் சொல்வது சோற்றுக்கும் கூரைக்கும் என்று வந்த பொருளை வைத்து அடிக்கிற பகட்டு. பகட்டுக்குப் பார்க்கிற ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அது இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆகவே இந்த மாதம் எல்லாருக்கும் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யார் பார்க்க?

செய்யவேண்டியது: ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். பொருள், விலை, தேதி, யார் பார்க்க. 100 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேற்பட்ட எதுவானாலும் முதலில் நோட்டில் எழுதிவிட்டு ஏழு நாள் பொறுங்கள். 500 வெள்ளிக்கு மேல் என்றால் முப்பது நாள். நான்காவது கட்டத்தில் 'மழை', 'முதுகுவலி', 'பிள்ளைக்குப் படிக்க வெளிச்சம் இல்லை' என்று எழுத முடிந்தால் நல்லது. ஓர் ஆளின் பெயர் வந்தால், வேறெதுவும் செய்யாமல் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வாரம் ஜெபியுங்கள். அவரைப் பற்றிக் குறைசொல்லி இல்லை, அவருக்காக.

இதில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. முப்பது நாள் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் கைப்பேசியில் அதே பொருளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது பொறுப்பது ஆகாது, ஊறப்போடுவது. ஆகான் யோசுவா 7:21இல் தானே வரிசையைச் சொல்கிறான்: கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன். முதல் படியில் நின்றால்தான் நிற்கமுடியும். கடைச் செயலியின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், கூடையில் போட்டு வைத்திருப்பதை அழித்துவிடுங்கள், அன்றிலிருந்து நாளை எண்ணுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். ஒரு சாயங்காலம் நாலு வடை சுட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போங்கள். அந்தப் போர்ச்சில் உட்காருங்கள். கூரைக்கு யார் வேலை செய்தது, எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்' என்பது ரோமர் 12:15. அழுகிறவர்களோடு அழுவது நமக்குச் சுலபமாய் வருகிறது, அதன் முன்பாதிதான் வருவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து பார்த்த போர்ச் தூரத்திலிருந்து பார்த்த போர்ச் அளவுக்கு உறுத்தாது. சில சமயம் மாதத் தவணை எவ்வளவு என்றும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: மகனுக்கு 24 வயது, சம்பளம் 2,400 வெள்ளி. ஒன்பது வருடக் கடனில் பெரிய காடி (கார்) எடுக்கிறேன் என்கிறான். 'கர்த்தர் தந்தது' என்று பின்கண்ணாடியில் ஒட்டப்போகிறானாம். நல்ல நம்பர் பிளேட்டுக்கு ஏலமும் கேட்கப்போகிறானாம். எப்படித் தடுப்பது? (ஒரு தகப்பனார்)

தடுக்கவேண்டாம், ஐயா. கணக்குப் போட வையுங்கள். 24 வயதுப் பிள்ளையிடம் வசனத்தைத் தூக்கினால் அவன் காதை மூடிக்கொள்வான். கால்குலேட்டரை நீட்டினால் குனிந்து பார்ப்பான்.

2,400இல் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 264 வெள்ளி. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னும் பதினைந்து பதினாறு வெள்ளி. கைக்கு வருவது ஏறக்குறைய 2,120. காடிக்கு 54,000 வெள்ளி கடன், வட்டி 3.5 விழுக்காடு, ஒன்பது வருடம் என்று வையுங்கள். கடன் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறை இல்லாமல், முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் போடுகிற நிலைவட்டி என்றால் வட்டி மட்டும் 17,010. மொத்தம் 71,010. மாதம் சுமார் 658 வெள்ளி.

இப்போது அவனுக்கு இன்னொரு கணக்கைக் காட்டுங்கள். 32,000 வெள்ளி கடன், அதே வட்டி, ஐந்து வருடம். வட்டி 5,600, மொத்தம் 37,600, மாதம் சுமார் 627. பார்த்தீர்களா? மாதத்துக்கு 31 வெள்ளிதான் வித்தியாசம். ஆனால் ஒருவனுக்கு 29 வயதில் கடன் முடிகிறது, மற்றவனுக்கு 33இல். 'மாசம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்கிறவன் இந்த நான்கு வருடத்தைப் பார்க்கமாட்டான். விற்பனையாளரும் மாதத்தைத்தான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் மற்றதைக் கேட்கவில்லை.

தவணையோடு முடிந்ததா? காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், டோல், சர்வீஸ், நாலு வருடத்தில் டயர். இவை மாதம் 500 ஆனால் தவணையோடு சேர்த்து 1,158. கைக்கு வருவதில் பாதிக்கு மேல். நம் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தை 1885இல் கட்டினார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே இளகிய மண். அவனை அங்கே கூட்டிப்போய் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக்கொடுத்துப் பேசுங்கள், கோபுரமே மீதியைச் சொல்லும்.

ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாய் இருங்கள். 108 மாதம் பணம் கட்டி முடித்த பிறகுதான் அந்தக் காடி அவனுடையது. அதுவரை அதன்மேல் நிதி நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மூன்று தவணை பிந்தி இழுத்துக்கொண்டு போனால், கர்த்தர் பெயரோடுதான் இழுத்துக்கொண்டு போவார்கள். நம்பர் ஏலத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தன் காடியின் நம்பர் தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

கேள்வி: வாரம் மூன்று குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வெள்ளி, நாலு இலக்க லாட்டரி நம்பர் வைக்கிறேன். ஆலயத்தில் பாட்டு எண் பலகையைப் பார்த்துத்தான் நம்பர் எடுக்கிறேன். விழுந்தால் பத்தில் ஒன்று காணிக்கை. இதில் என்ன தப்பு?

பாட்டுப் பலகையை விட்டுவிடுங்கள், பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். 'பெரிய' பந்தயத்தில் 1 வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசு தலா 180, பத்து ஆறுதல் பரிசு தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. அதாவது 10,000 எண்ணிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்தாலும் 6,400தான் திரும்பும். வெள்ளிக்கு 64 காசு. நீங்கள் வருடத்துக்கு வைப்பது 780 வெள்ளி. நீண்ட காலச் சராசரியில் அதில் 280 வெள்ளி போனது போனதுதான். 'ஐசுவரியவானாகிறதற்குத் தீவிரிக்கிறவன்' என்று நீதிமொழிகளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இந்தக் கூட்டலே போதும். காணிக்கை கொடுக்க மனமிருந்தால் அந்த 15 வெள்ளியை வாராவாரம் காணிக்கைப் பையில் போடுங்கள். குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிறோம். போன வருடம் ஒரு பூசணிக்காய் 600 வெள்ளிக்குப் போனது. மைக்கில் பெயரைச் சொல்லக் கைதட்டல். சபைக்குப் பணம் வருகிறதே, விட்டுவிடலாமா என்று சிலர். மனசு ஒப்பவில்லை என்று சிலர். நாங்கள் என்ன செய்வது? (சபைக் குழுவினர்)

இந்தக் கடிதத்துக்குத்தான் எங்களுக்குள் அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது. ஏலத்தை ஒழிக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வீட்டுக்குப் பின்னால் விளைந்த முருங்கையும் வாழைத்தாரும் இளநீர்க் குலையும் பீடத்தின் முன் வந்து குவிகிற காட்சி நல்ல காட்சி. கையில் காசில்லாதவர்களும் கொண்டுவர ஏதோ ஒன்று இருக்கிற ஒரே நாள் அது. பொருள் வருகிறவரை எல்லாம் சரி. மைக் கைக்கு வந்ததும்தான் பாதை மாறுகிறது.

நடப்பதைக் கவனியுங்கள். பூசணி மேசைமேல் ஏறுகிறது. முப்பதில் தொடங்குகிறது. நூறு வரை பூசணி வேண்டியவர்கள் கேட்கிறார்கள். நூறைத் தாண்டினால் சாம்பாருக்குப் பூசணி வேண்டியவர் ஒருவரும் இல்லை. இருநூறுக்கு மேல் இரண்டே பேர்தான், அவர்களும் பூசணியைப் பார்ப்பதில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஏலம் விடுகிற தம்பி அது தெரிந்து, 'அண்ணன் விட்டுடுவாரா?' என்று எண்ணெய் ஊற்றுகிறார். கூட்டம் சிரிக்கிறது. பின்வரிசையில் ஐந்து வெள்ளியோடு வந்த பாட்டி அந்த ஐந்தை மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறார். யாக்கோபு 2ஆம் அதிகாரத்துப் பொன்மோதிரக்காரனுக்கும் கந்தை உடுத்திய தரித்திரனுக்கும் நடந்தது இதுதான். ஒரு வித்தியாசம், இங்கே நாமே மைக் வைத்து நடத்துகிறோம்.

அனனியா கதையில் பலர் தவறவிடுகிற ஓர் இடம் உண்டு. அதற்குச் சற்று முன்னால், அப்போஸ்தலர் 4இன் கடைசியில், பர்னபா நிலத்தை விற்றுக் கொண்டுவந்து வைக்கிறான். அதற்கு அடுத்துத்தான் அனனியா, தன் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கோடு வருகிறான். பேதுரு அவனிடம் 'ஏன் முழுவதும் கொடுக்கவில்லை' என்று கேட்கவே இல்லை. நிலமும் உன்னுடையது, விற்ற பணமும் உன் கையில்தான் இருந்தது என்கிறார். பாதி கொடுத்தது குற்றமில்லை. முழுவதும் கொடுத்ததாகத் தெரியவேண்டும் என்று நினைத்தான் பாருங்கள், அதுதான் குற்றம். நம் ஏலத்திலும் கேட்ட தொகை ஒன்று, பொருளாளர் கைக்கு வந்து சேர்வது ஒன்று என்று ஆவதில்லையா? கைதட்டல் வாங்கிய 600இல் 350 அடுத்த பண்டிகை வரை பாக்கி நிற்பதை எந்தப் பொருளாளரைக் கேட்டாலும் சொல்வார்.

மாற்றங்கள், எங்களுக்குப் பட்டவரை: கொண்டுவருகிற பொருளில் முக்கால்வாசியைச் சந்தை விலைக்கோ அதற்குச் சற்றுக் கீழோ விலைச்சீட்டு ஒட்டி மேசையில் விற்றுவிடுங்கள். ஒரு கட்டுக் கீரை 2 வெள்ளி, அரைச் சீப்பு வாழைப்பழம் 3 வெள்ளி. பாட்டியின் ஐந்து வெள்ளிக்கு அங்கே மதிப்பு இருக்கும். பெரிய பொருள் பத்தோ பன்னிரண்டோ இருந்தால் அவற்றுக்கு மட்டும் மூடிய உறையில் தொகை எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். உறைக்குள் எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் யாருடையது என்பது இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். முடிவைப் பலகையில் எழுதும்போது 'பூசணி, எண் 14' என்று மட்டும் எழுதுங்கள். பணம் அன்றே கட்டவேண்டும், கடன் கிடையாது. எண்ணுவது எப்போதும் இரண்டு பேர், ஒரே குடும்பத்தவர் கூடாது. மைக்கில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள்.

முதல் வருடம் வசூல் குறையும். அதை முன்கூட்டியே சபையில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வருடமே மைக் திரும்பி வந்துவிடும். குறைந்த தொகை எவ்வளவோ, அவ்வளவும் நாம் இத்தனை வருடம் கைதட்டலுக்கு வாங்கிய விலை. 'இல்லாததின்படியல்ல, அவனிடத்தில் உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்' என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்வதை அன்றைய வசனமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம். வாங்கிய பூசணியை வாங்கினவர் அங்கேயே விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுகிய பூசணியைத் திங்கட்கிழமை கூட்டுகிறவர் ஆலயப் பணியாள்.

கேள்வி: ஜெபக்குழு அக்காமார் இருபது பேர் சேர்ந்து கூட்டு (சீட்டு) பிடிக்கிறோம். மாதம் 200 வெள்ளி. விசுவாசிகள்தானே, பயமில்லை என்கிறார்கள். சரியா?

சரியில்லை, தங்கச்சி. முதலில் சட்டம். 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்றே மலேசியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. நம் தமிழ்ச் சொல்லே அதன் பெயரில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவு தூரம் நாம் பேர் வாங்கியிருக்கிறோம். தொழிலாக நடத்துவது குற்றம். பணம் போனால் 'என் பங்கைக் கொடு' என்று நீதிமன்றத்தில் போய் நிற்பது சுலபமில்லை.

அடுத்தது, அது எங்கே உடைகிறது என்பது. இருபது பேர், 200 வெள்ளி, மாதம் 4,000 சேரும். ஏலக்கூட்டு என்றால் அவசரக்காரர் இரண்டாம் மாதமே 800 தள்ளி 3,200க்கு எடுப்பார். எடுத்தவர் இன்னும் பதினெட்டு மாதம் கட்டவேண்டும். எடுத்தபின் கட்டுகிற மாதத்தில் யாருக்கும் உற்சாகம் இருக்காது. ஒருவர் நின்றால் கூட்டு பிடிக்கிறவர் கைக்காசு போடுவார். மூன்று பேர் நின்றால் அவரால் முடியாது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். கடைசியில் எடுக்கலாம் என்று பொறுத்திருந்த, உள்ளதில் மிக நல்லவருக்குத்தான் மிக அதிக நஷ்டம். விசுவாசிகள் என்பதால் இன்னும் மோசம். கடன் பாக்கியைக் கேட்கிற இடம் கர்த்தருடைய பந்தி மேசையாகிவிடும்.

எடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்று உங்கள் குழுவில் வாய்விட்டுக் கேட்டுப்பாருங்கள். பள்ளிச் செலவு, மருத்துவம் என்று ஒரு பகுதி இருக்கும். சங்கிலி, சோபா, பிள்ளையின் சடங்கு என்று ஒரு பகுதியும் இருக்கும். முதல் பகுதிக்குச் சபையிலேயே ஓர் உதவிநிதி வைக்கலாம்: கணக்கு எழுதி, வட்டியில்லாமல், ஒருவருக்கு ஓர் உச்சத்தொகை வைத்து. இரண்டாம் பகுதிக்குச் சேமிப்புதான். அவரவர் பெயரில், அவரவர் வங்கிக் கணக்கில். ஏற்கெனவே கடன் கழுத்துக்கு வந்துவிட்டவர்கள் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். சம்பளச் சீட்டு, எல்லாக் கடன் கணக்குகளின் கடைசிப் பட்டியல், மாதச் செலவை எழுதிய தாள், இம்மூன்றையும் கொண்டுபோங்கள். ஒரு கடனை மறைத்துவிட்டுப் போனால் அவர்கள் போட்டுத்தரும் திட்டம் இரண்டு மாதத்தில் முறிந்துவிடும். மறைக்கத் தோன்றும். அங்கேயும் 'யார் பார்க்க' என்பதுதான் நம்மை மறைக்கச் சொல்கிறது.

கேள்வி: நகையெல்லாம் கழற்றிவிட்டேன். இப்போது நகை போட்டு வருகிற சகோதரிகளைப் பார்த்தால் உள்ளுக்குள் இளக்காரமாக இருக்கிறது. இது என்ன?

இதை ஒப்புக்கொண்டு எழுதினீர்களே, அதுவே பாதி வழி. 1 பேதுரு 3:3இல் பின்னலும் பொன்னும் மட்டுமில்லை, வஸ்திரமும் சொல்லியிருக்கிறது. வஸ்திரத்தை யாரும் கழற்றவில்லை. ஆக, அந்த வசனம் பேசுவது அலங்காரத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றி. வெறுங்கழுத்தும் நகைபோலவே பேசும், பார்க்க ஆளிருந்தால். கொலோசெயர் 2:23 'மாயமான தாழ்மை' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது.

மூன்று மாதத்துக்கு நகையைப் பற்றி, போட்டவர்களிடமோ போடாதவர்களிடமோ, ஒரு வார்த்தை பேசாமல் இருந்து பாருங்கள். சாட்சி சொல்லும்போதும் வேண்டாம். கழற்றியது கர்த்தருக்காக என்றால் அவருக்குத் தெரிந்தது போதும்.

கழற்றிய நகையை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. உணர்ச்சிவசப்பட்டு யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், ஊழியக்காரர் கையிலும்தான். தோட்டத்துப் பெண்களுக்குப் பவுன் என்பது அலங்காரம் மட்டுமில்லை, அடகுக்கடைச் சீட்டாக மாறிப் பள்ளிக் கட்டணம் கட்டிய சேமிப்பு. சும்மா அடகில் வைத்து மாதம் 2 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டிருப்பதைவிட விற்றுக் கடனை அடைப்பது மேல். கணவரோடு உட்கார்ந்து, எடை பார்த்து, 916 முத்திரை பார்த்து, இரண்டு கடையில் விலை கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நூறு வெள்ளி விதைத்தால் நூறு மடங்கு வரும் என்கிறார் வெளியூரிலிருந்து வரும் ஊழியர். மாற்கு 10:30 காட்டுகிறார்.

அதே வசனத்தில் 'துன்பங்களோடேகூட' என்று ஒரு சொல் இருக்கிறது. அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். நூறு மடங்கு தாயும் வருவார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. யாரும் நூறு தாய்மாரை வங்கியில் போட்டதில்லை. அது சபைக் குடும்பத்தைப் பற்றிய வாக்கு.

கேள்வி: தோட்டத்தில் லயத்தில் இருந்தவரை இந்தப் போட்டியெல்லாம் இல்லை. எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே பிரட்டு (காலை ஆள்கணக்கு), ஒரே சம்பளம். தாமானுக்கு வந்துதான் ஜனம் கெட்டது. சரிதானே? (ஒரு தாத்தா, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி)

பாதி சரி, தாத்தா. கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டுக்குத் தனி வேலி இருந்ததையும், மண்டோர் (கங்காணி) வீட்டுப் பித்தளைக் குடங்கள் வாசலில் வரிசையாக வெயில் காய்ந்ததையும் மறந்துவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் துணி எந்தக் கடையில் எடுத்தது என்று அன்றும் கேட்டார்கள். பெருமை அன்றும் இருந்தது. கடன் கொடுக்கத்தான் ஆளில்லை, கடைப் பற்றுச் சீட்டோடு நின்றது. இன்று பெருமைக்கு ஒன்பது வருடத் தவணை கிடைக்கிறது.

ஆனால் அந்தக் காலத்திலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை அப்படித்தான் வாங்கினார்கள். நிலத்துக்கு ஆசைப்பட்டார்கள், அதைத் தவறென்று யார் சொல்வது? யாரும் பார்ப்பதற்காகக் கட்டிய பத்து வெள்ளி இல்லை அது. நீதிமொழிகள் 30:8இல் 'என் படியை எனக்கு அளந்து' என்று ஆகூர் ஜெபிக்கிறான். படி அளந்து வாங்கிப் பழகிய உங்கள் தலைமுறைக்கு அந்த ஜெபத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள்தான் விளக்கவேண்டும். தாமானைத் திட்டுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பிறந்தது அங்கேதான்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் 21 வயது. டேவான் (மண்டபம்) எடுத்து, 30 மேசை போட்டு, இனி வீட்டுப் பொறுப்புள்ளவள் என்ற அடையாளமாகப் பெரிய வெள்ளிச் சாவி கொடுத்துச் செய்யவேண்டும் என்கிறாள். மேசைக்கு 450 வெள்ளி. கணவருக்கு எண்ணெய் ஆலையில் வேலை. 10,000 கடன் வாங்கலாமா? சொந்தக்காரர் எல்லாரும் செய்துவிட்டார்கள். (ஒரு தாயார்)

மேசை மட்டும் 13,500. மண்டபம், ஒலி, கேக், படம் பிடிக்கிறவர், உடை இன்னும் வரவில்லை. ஆக, 10,000 போதாது. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமம் பெற்ற வட்டிக்கடையில் அடமானம் இல்லாமல் வாங்கினால் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி வருடம் 18 விழுக்காடு. 10,000க்கு இரண்டு வருடத்தில் 3,600. மாதம் சுமார் 567 வெள்ளி, 24 மாதம். மகளுக்கு 23 வயதாகும்வரை அந்த ஒரு ராத்திரிக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். உரிமம் இல்லாத ஆலோங் பக்கம் போனால் கணக்கே வேறு, அதை எழுதவே வேண்டாம். எங்கே வாங்கினாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் பிடித்துவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் அவர்கள் கைக்குப் போய் மீதிதான் உங்களுக்கு வரும்.

மகளிடம் 'நம்மிடம் வசதியில்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அது அவளுக்கு அவமானமாக மட்டுமே கேட்கும். கணவரின் சம்பளச் சீட்டை அவள் முன்னால் வையுங்கள். வீட்டுத் தவணை, மின்சாரம், தண்ணீர், தம்பியின் பள்ளி வேன் எல்லாவற்றையும் அவளையே கழிக்கச் சொல்லுங்கள். 21 வயதானவளுக்கு வீட்டுக் கணக்கைக் காட்டுவதுதான் அந்தச் சாவிக்கு அர்த்தம். மீதி எவ்வளவு என்று அவளே சொல்லட்டும், அதற்குள் என்ன செய்யலாம் என்றும் அவளே சொல்லட்டும். பெரும்பாலும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நியாயமாகத்தான் முடிவெடுப்பார்கள். பிடிவாதம் பிடிப்பது அநேகமாக அத்தைமாரும் சித்திமாரும்தான்.

அவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: 'வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம், நாற்பது பேர், வாங்க.' காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு மறுமொழி இருக்கும். நாற்பது பேருக்குப் பிரியாணி என்றால் 5 கிலோ அரிசி, 7 கிலோ கோழி தாராளம். வீட்டு வாசலில் ஒரு கூடாரம், பாஸ்டர் ஒரு சின்ன ஜெபம், அவள் தோழிகள் பாட்டு.

சாவிக்கு, வீட்டு முன்கதவுச் சாவியை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் சாவி வெட்டுகிறவரிடம் போய் இன்னொன்று வெட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். சில வெள்ளிதான். கதவு திறக்கிறதா என்று அவள் கையில் கொடுக்கும்முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.